சர்வர் கடிகாரம்: என்.டி.பி.யை நிறுத்தச் சொல்லும் செய்தி தவறானது

“சர்வரின் நேரத்தை ஒருமுறை சரியாக வைத்தால் போதும், என்.டி.பி. ஹேக்கர்களுக்குத் திறந்த கதவு, உடனே நிறுத்துங்கள்” என்றொரு செய்தி கணினி நிர்வாகிகளின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவருகிறது. கணினிகளின் கடிகாரங்களை வலையமைப்பு வழியாகச் சரியான நேரத்துடன் ஒத்திசைக்கும் முறையே என்.டி.பி.; அதை நிறுத்தச் சொல்வது தவறு.

கணினியின் கடிகாரத்தை இயக்கும், மதர்போர்டிலுள்ள குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வு வெப்பநிலைக்கேற்பச் சற்றே மாறக்கூடியது என்பதால், பத்து லட்சத்தில் 20 பங்கு என்ற அளவிலான பிழைகூட நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.7 விநாடியாகவும், ஒரு மாதத்தில் 52 விநாடியாகவும் பெருகிவிடும். வித்தியாசம் 5 நிமிடத்தைத் தாண்டினால், வழக்கமான அமைப்பிலுள்ள கெர்பரோஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு முறை உள்நுழைவையே மறுத்துவிடும்.

ஹேக்கர் பயத்துக்கு ஒரு வேர் இருப்பது உண்மைதான்: 2014 வாக்கில், பழைய என்.டி.பி. சர்வர்களில், அண்மையில் தொடர்புகொண்ட கணினிகளின் பட்டியலைத் தரும் ‘மான்லிஸ்ட்’ வசதியைப் பயன்படுத்திப் பெருந்தாக்குதல்கள் நடந்தன. அதற்குத் தீர்வு, மென்பொருளைப் புதுப்பித்து, வெளியாரின் வினவல்களைத் தடுப்பதே; நேரம் கேட்பதையே நிறுத்துவது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதாகும்.

இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 28.4.2022 அன்று பிறப்பித்த உத்தரவும், தேசிய தகவலியல் மையம் (என்.ஐ.சி.) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களுடன், அல்லது அவற்றைப் பின்பற்றும் சர்வர்களுடன், கடிகாரங்களை ஒத்திசைக்கவே சொல்கிறது. அதை செர்ட்-இன் இணையதளத்தில் படிக்கலாம். குரோனி என்ற என்.டி.பி. மென்பொருளை நிறுவியிருப்பவர்கள் ‘குரோனிசி டிராக்கிங்’ (chronyc tracking) என்ற கட்டளையை இட்டால், தங்கள் படிகம் எவ்வளவு விலகுகிறது என்பதைத் தாங்களே காணலாம். அந்த வாட்ஸ்அப் செய்தியை மேற்கொண்டு பகிர வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.