மணல் வெளிச்சம், கடல் இருட்டு

சென்னைக் கடற்கரையில் உள்ள மீனவர் குப்பமான நொச்சிக்குப்பத்தை நான் வரைந்த நீர்வண்ண ஓவியத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் இது காலையா சாயங்காலமா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். சாயங்காலம். ஐப்பசி மழைக்கு நடுவே ஒரு சாயங்காலம்.

நம் கரையில் சூரியன் கடலில் இறங்காது, நம் முதுகுக்குப் பின்னால் ஊருக்குள் இறங்கும். அதனால் சென்னைக் கடலை வரைகிறவர்கள் விடியற்காலைக்குத்தான் ஓடுவார்கள், நானும் பல வருடம் அப்படித்தான் ஓடினேன். ஆனால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மேகம் கடல் பக்கமிருந்து ஏறி வரும். அன்றைக்குக் கிழக்கு முழுக்கச் சிலேட்டுப் பலகை மாதிரி இருட்டிக் கிடந்தது. மேற்கே மட்டும் மேகம் கொஞ்சம் விலகி, அடுக்குமாடிகளின் சந்து வழியாக வெயில் படுக்கைவாக்கில் வந்து விழுந்தது. அந்த நேரத்து வெயில் காற்றுமண்டலத்தில் நெடுந்தூரம் கடந்து வருவதால் நீலம் வழியிலேயே சிதறிப்போய் மஞ்சளும் சிவப்பும்தான் மிஞ்சும். வழக்கமாக ஒரு கடற்கரைக் காட்சியில் வானம்தான் அதிக வெளிச்சமாக இருக்கும். அன்று எல்லாம் தலைகீழ், வானத்தையும் கடலையும் விட மணல் வெளிச்சம், மணலை விட ஃபைபர் படகு வெளிச்சம்! பத்து நிமிடம்கூட இருந்திருக்காது.

அந்தப் பத்து நிமிடத்தில் அங்கே யாரும் வானத்தைப் பார்க்கவில்லை. அதுதான் என்னை வரைய வைத்தது. ஒருவர் கால் கட்டைவிரலில் வலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு கிழிசலைக் கோத்துக்கொண்டிருந்தார், ஒரு அக்கா மழைக்கு முன்னால் கருவாட்டை அள்ளிவிட வேண்டும் என்று குனிந்த தலை நிமிராமல் அள்ளிக்கொண்டிருந்தார், அவர் முதுகு முழுக்கத் தங்கம். ஒரு ஓவிய நண்பர், அவரைக் கொஞ்சம் திரும்பி நிற்கச் சொல்லியிருக்கலாமே, முகம் கிடைத்திருக்குமே என்றார். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. நிற்கச் சொன்ன நொடியில் கருவாடும் போகும், அவசரமும் போகும், மிஞ்சுவது காலண்டர் படம்தான்.

கைபேசியில் எடுத்து வீட்டில் போய் வரையலாமே என்றும் கேட்கிறார்கள். எடுத்தேன். இருட்டைத் தூக்கி, வெளிச்சத்தை அமுக்கி, எல்லாவற்றையும் சமமாக்கித் தந்தது கைபேசி. நான் பார்த்தது அதில் இல்லை. கையில் இருந்த சின்ன நோட்டில் பென்சிலால் எது இருட்டு, எது அதைவிட இருட்டு என்று மட்டும் குறித்துக்கொண்டேன், நிறமெல்லாம் நினைவிலிருந்துதான்.

பிரெஞ்சு ஓவியர் மோனே 1872-ல் பிரான்சின் லு ஹாவ்ர் துறைமுகத்தில் வரைந்த சூரிய உதயத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், அந்த ஆரஞ்சுச் சூரியன் கிட்டத்தட்டக் காணாமல் போய்விடும், ஏனென்றால் அதற்கும் சுற்றியுள்ள வானத்துக்கும் வெளிச்ச அளவு ஏறக்குறைய ஒன்றுதான். அங்கே நிறம் மட்டுமே வேலை செய்கிறது. எனக்குத் தேவைப்பட்டது நேரெதிர். இண்டிகோ என்ற கருநீலத்தோடு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைக் கலந்து, ஈரத் தாளில் வானத்தையும் கடலையும் முதலிலேயே ஆழமாகப் போட்டேன். நீர்வண்ணத்தில் தாளின் வெள்ளைதான் வெளிச்சம், அதை விட்டுவைக்கத் தெரிய வேண்டும். படகுக்கு நீர்த்த மஞ்சள் ஒரே ஒரு பூச்சு. மூன்று தாள் வீணாகி நான்காவதில் வந்தது.

கிளம்பும்போது கருவாடு அள்ளிய அக்கா நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "படகுல பேரு எழுதிக்கீது பாரு தம்பி, அத உட்றாத" என்றார். ஆனால் படகில் வெளிச்சத்தைக் காப்பாற்றப் போய் அந்தப் பெயரை விட்டுவிட்டேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஐந்தாவது தாளை இன்று காலை ஒட்டி வைத்திருக்கிறேன், இந்த முறை பெயரிலிருந்து ஆரம்பிக்கிறேன்.