கம்ப்யூட்டர் ஜக்கார்டு தானாகப் புடவை நெய்யாது

"காஞ்சிபுரத்தில் கம்ப்யூட்டர் ஜக்கார்டு வந்தாச்சு, பட்டன் தட்டினால் புடவை, இனி நெசவாளி எதற்கு" என்று ஒரு பதிவில் எழுதியிருப்பது தவறு. ஜக்கார்டு என்பது தறியின் மேல் பொருத்தி டிசைன் கொண்டுவரும் கருவி. அதன் கம்ப்யூட்டர் பெட்டி செய்வது ஒரே வேலைதான்: எந்தப் பாவு இழை (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) மேலே போக வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது. 1804-இல் வந்த ஜக்கார்டு கருவியில் துளையிட்ட அட்டைகள் செய்துவந்த அதே வேலை. கைத்தறியில் மிதிப்பதும், நூல் சுற்றிய நாடாவை ஓட்டி ஊடை (குறுக்கு நூல்) சேர்ப்பதும், அறுந்த இழையை முடிச்சுப் போடுவதும் இன்றும் மனிதர்தான். கோர்வைப் புடவையில், அதாவது உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் நெய்து இணைக்கும் புடவையில், அவை சேருமிடத்தைப் பாருங்கள். அங்கே ஒவ்வொரு ஊடையும் கையால் கோத்தது.

வேலை பறிபோவது டிசைனுக்காக அந்த அட்டைகளில் துளை குத்துகிறவர்களுக்கு. புது டிசைன் இப்போது பென் டிரைவில் வந்துவிடுகிறது. கவலைப்பட வேண்டியது அவர்களைப் பற்றித்தான், ஆனால் அவர்களைப் பற்றி யாருமே பேசுவதில்லை. தயவுசெய்து அந்தப் பதிவைத் திருத்துங்கள்.