கிலான் பாரே வந்த ஆளிட்ட நிக்கிற ஆக்களுக்கு

கிலான் பாரே, அதான் ஜிபிஎஸ் எண்டா கால் கை விழும், மூச்சு இழுக்கேலாம வெண்டிலேற்றர்ல போடுவினம், இவ்வளவுதான் எங்கட ஆக்களுக்குத் தெரிஞ்சது. அது சரிதான், ஏனெண்டா இந்த வருத்தம் பிடிக்கிறது கை காலுக்குப் போற நரம்புகளை. ஆள் விரல் அசைக்கேலாமக் கிடந்தாலும் புத்தி தெளிவா இருக்கும். அதாலதான் சொல்லுறன், அந்த ஆள் திடீரெண்டு மாறிக் கதைச்சாலோ கண் தெரியேல்ல எண்டாலோ அதைப் பயம், நித்திரை இல்லை எண்டு நீங்களா முடிவெடுத்து விடாதேங்கோ.

என்ட சித்தப்பாவுக்கு இங்க கொழும்பிலதான் ஐவிஐஜி ஏத்தினது, அதான் ரத்தம் தானம் குடுத்த ஆக்களிட்ட இருந்து எடுத்த எதிர்ப்புப் புரதம், சேலைன் மாதிரி ஏத்துற இந்த வருத்தத்துக்கான மருந்து. நல்ல வெயில், யன்னலால வெளிச்சம் கட்டில்ல அடிக்குது, மனுசன் "ஏன் லைட்டை நிப்பாட்டிப் போட்டியள்" எண்டு கேக்குறார். சித்தி மருந்து மயக்கம் எண்டு நினைச்சு நெத்தியைத் தடவிக்கொண்டு இருந்தா. நேர்ஸுக்குத் தமிழ் விளங்காது, அவவுக்கு ஆள் ஏதோ கதைக்கிறார், அவ்வளவுதான். மச்சாள் ஓடிப்போய் சிங்களத்தில சொன்னாப் பிறகுதான் பிரசர் பாத்தவை, 200க்கு மேல, கொஞ்ச நேரத்தில வலிப்பும் வந்திட்டுது.

எம்ஆர்ஐயில மூளையின்ட பின்பக்கம் நீர் கோத்து வீங்கியிருந்தது, பார்வைக்குரிய இடமே அதுதானே. 1996ல டொக்டர்மார் விவரிச்சு எழுதின பிரெஸ் (PRES) எண்ட நிலைமை இது, அரிதுதான். ஜிபிஎஸ் பிரசரையும் இதயத்துடிப்பையும் பாக்கிற நரம்புகளையும் குழப்பும், அதால பிரசர் சும்மா கிடக்கேக்கயே ஏறி இறங்கும். ஐவிஐஜி ஒரு நாளைக்கு கிலோவுக்கு 0.4 கிராம்படி 5 நாள் ஏத்துறது, 60 கிலோ ஆளுக்கு நாளுக்கு 24 கிராம், அதுவும் சிலருக்கு இதைத் தூண்டலாம். ஆனா ஐவிஐஜி ஏத்தாத ஆக்களுக்கும் பிரெஸ் வந்திருக்கு, அதால மருந்துதான் கெடுத்தது எண்டு வாட்டில சண்டை பிடிக்கிறதில நியாயமில்லை. பிரசரை மெல்ல மெல்ல இறக்கி, வலிப்புக்கு மருந்து குடுத்தவை, சித்தப்பாவுக்குப் பார்வை திரும்பிட்டுது, கனபேருக்கு அப்பிடித்தான் திரும்பும், ஆனா நேரத்துக்குப் பிடிக்கோணும்.

இன்னும் இருக்கு. ஐவிஐஜி ஏத்தி ஒண்டு ரெண்டு நாளுக்குள்ள கடும் தலையிடி, கழுத்து விறைப்பு, வெளிச்சம் பாக்கேலாது எண்டா கிருமி இல்லாமலே மூளைச்சவ்வு அழண்டிருக்கலாம், மைகிரேன் உள்ளாக்களுக்கு இது கூட. அரிதா ரத்தம் தடிச்சு ஸ்ட்ரோக்கும் வரும். ஜிபிஎஸ்ஸில ரத்தத்தில சோடியம் எண்ட உப்பு இறங்கினாலும் ஆள் மாறிக் கதைக்கும். எது எண்டு பிரிச்சுப் பாக்கிறது டொக்டரின்ட வேலை, எங்கட வேலை உடன சொல்லுறது. இதை வாசிச்சுப் பயந்து மருந்தை நிப்பாட்டச் சொல்லி மட்டும் நிக்காதேங்கோ. ஏத்துற வேகத்தைக் குறைக்கிறதோ பிளாஸ்மா, அதான் ரத்தத்தின்ட நீர்ப்பகுதி, அதை மாத்துறதோ டொக்டர்மார் பாத்துச் செய்வினம்.

எனக்கு உண்மையில நெஞ்சு பதறுறது பாஷையை நினைச்சுத்தான். தமிழ்ல மாறிக் கதைக்கிறார் எண்டது தமிழ் தெரிஞ்ச ஆளுக்குத்தான் பிடிபடும். தனியத் தமிழ் தெரிஞ்ச அம்மாவையோ மாமியையோ நோயாளியோட விட்டிட்டு வாறதெண்டா "எயாட்ட பேன்னே நே", அவருக்குக் கண் தெரியேல்ல எண்டதை சிங்களத்தில சொல்லப் பழக்கிப்போட்டு வாங்கோ, உங்கட நம்பரையும் நேர்ஸிட்டக் குடுங்கோ.