மூன்றாம் வகுப்பில் முதல் உலகப் போர்

(ஆசிரியர்கள் ஓய்வறை. உமா டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கிறார். கதிர் சார் வந்து நாற்காலியில் சாய்கிறார்.)

உமா: என்ன சார், பேயறைந்த மாதிரி வருகிறீர்கள்?

கதிர்: மூன்றாம் வகுப்பு டீச்சர் லீவு. என்னை அனுப்பிவிட்டார்கள். பத்தாம் வகுப்புக்குத் தயார் செய்த முதல் உலகப் போர் கையில் இருந்தது. அதையே நடத்தினேன்.

உமா: போச்சு!

கதிர்: "1914-ல் சரயேவோவில் ஆஸ்திரியப் பட்டத்து இளவரசரைச் சுட்டுக் கொன்றார்கள்" என்றேன். முதல் பெஞ்சில் ஒரு பெண் கை தூக்கி, "அப்போ நீங்க எந்த வகுப்பு சார்?" என்கிறாள்.

உமா: அந்த வயதில் பழசு எல்லாம் ஒரே பழசுதான். டைனோசர், பாட்டி, 1914, நீங்கள்... எல்லாம் ஒரே காலம்.

கதிர்: அதுகூடப் பரவாயில்லை டீச்சர். செர்பியா மேல் ஆஸ்திரியா பாய்ந்தது, செர்பியாவுக்கு ரஷ்யா வந்தது, ஆஸ்திரியாவுக்கு ஜெர்மனி வந்தது, ரஷ்யாவின் கூட்டாளி பிரான்ஸ் என்று போர்டில் அம்புக்குறி போட்டேன். ஒருவன், "எங்க கிளாஸ்லயும் இப்படித்தான் சார், ஒரு பென்சிலுக்காக" என்றான்.

உமா: அட! பத்தாம் வகுப்புக்கு இதைப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் ஆகிறது.

கதிர்: அங்கே ஒரே கேள்விதான்: "இது ரெண்டு மார்க்கா, அஞ்சு மார்க்கா?"

உமா: சின்னப் பிள்ளைகளிடம் வருஷத்தைப் பேசாதீர்கள், இடத்தைப் பேசுங்கள். வகுப்பறையை மேலேயிருந்து பார்க்கிற மாதிரி வரையச் சொல்லியிருக்கலாமே?

கதிர்: சொன்னேனே! ஒரு பயல் என்னைக் கரும்பலகையை விடப் பெரிதாக வரைந்திருக்கிறான். மேலேயிருந்து பார்ப்பதால் வழுக்கை வேறு.

உமா: வழுக்கை சரியான தகவல்தானே?

கதிர்: அளவு தப்பு டீச்சர்!

உமா: 1569-ல் மெர்கேட்டர் போட்ட வரைபடத்தை இன்னும் சுவரில் மாட்டியிருக்கிறோம். அதில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்கு உப்பியிருக்கிறது. நிஜத்தில் ஆப்பிரிக்கா அதைப்போல 14 மடங்கு. அவரையே விட்டுவிட்டோம், குழந்தையைப் பிடிக்கிறீர்களா? சரி, ஏழாம் வகுப்பில் லீடர் தேர்தல் வைத்தீர்களே, என்ன ஆயிற்று?

கதிர்: வகுப்பே வேட்பாளர். அவரவர் ஓட்டு அவரவருக்கே, ஆளுக்கு ஒன்று. ஒருவனுக்கு மட்டும் இரண்டு, ஒருவனுக்குப் பூஜ்யம்.

உமா: அப்படியானால் இரண்டாவது ஓட்டைப் போட்டவன்...

கதிர்: அந்தப் பூஜ்யம்தான். ரகசிய வாக்கெடுப்பில் ரகசியம் போனது அங்கேதான். இப்போது அவனோடு யாரும் பேசுவதில்லை.

உமா: ஒன்பதாம் வகுப்பாவது ஒழுங்காகப் போகிறதா?

கதிர்: தீர்க்கரேகை நடத்தினேன். பூமி ஒரு டிகிரி சுழல 4 நிமிடம், மேற்கே போகப்போக நேரம் பிந்தும் என்று. மறுநாளே ஒருவன் 20 நிமிடம் லேட். "என் வீடு 5 டிகிரி மேற்கே சார். எங்க வீட்டுக் கடிகாரப்படி நான் கரெக்ட் டைம்" என்றான்.

உமா: கணக்கு சரியாகத்தான் இருக்கிறது!

கதிர்: நான் விடுவேனா? "நிலநடுக்கோட்டில் ஒரு டிகிரி சுமார் 111 கிலோமீட்டர். அப்போ 555 கிலோமீட்டர் நடந்தா வந்தாய்?" என்று மடக்கினேன்.

உமா: என்ன சொன்னான்?

கதிர்: "அதான் சார் கால் வலிக்குது, உட்காரட்டுமா?"