ஒரெக்சினை அடைத்தால் மட்டும் போதாது

'ஓபியாய்டு (ஹெராயின், மார்ஃபின் போன்றவை) நிறுத்தும்போது வரும் அவஸ்தைக்கு மூளையில் சுரக்கும் ஒரெக்சின்தான் முழுக் காரணம். அதை அடைக்கும் தூக்க மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஒரே நாளில் நிறுத்திவிடலாம்' என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்ய வேண்டாம்.

ஒரெக்சினுக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. நம்மை விழிப்பாக வைத்திருக்கும் பொருள் அது. ஹெராயின் பழக்கம் இருந்தவர்களின் மூளையில் அதைச் சுரக்கும் நரம்பணுக்கள் சராசரியாக 54% அதிகம் இருந்ததை 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. விடிய விடியக் கண் மூட முடியாமல், கால் உதறிக்கொண்டு, உடம்பெல்லாம் புல்லரித்துக் கிடப்பவரை ஒருமுறை பார்த்தால் போதும், இந்த ஆய்வு ஏன் முக்கியம் என்று புரியும்.

ஆனால் மூளையில் லோகஸ் செருலியஸ் என்ற பகுதியிலிருந்து, உடலைப் பரபரப்பாக்கும் நோரட்ரினலின் என்ற பொருள் கட்டுமீறிப் பாய்வதற்கும் அந்த அவஸ்தையில் பெரிய பங்கு இருக்கிறது. ஒரெக்சின் அதைத் தூண்டும் பல பொருட்களில் ஒன்றுதான். ஒரெக்சினை அடைக்கும் சுவோரெக்சன்ட் மாத்திரைக்கு 2014-இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது தூக்கமின்மைக்கு. இந்த அவஸ்தையைக் குறைக்க அது உதவலாம் என்று காட்டிய 2022 ஆய்வு மிகச் சிறியது. அதிலும் சிகிச்சைக்குத் தரும் ஓபியாய்டு மருந்தான பியூப்ரனார்ஃபினைக் கண்காணிப்பில் படிப்படியாகத்தான் குறைத்தார்கள்.

அப்புறம், பதிவில் விட்டுப்போன முக்கியமான விஷயம்: சில நாள் நிறுத்தினாலே உடலின் தாங்கும் திறன் இறங்கிவிடும். அதன்பின் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். சிகிச்சையாகத் தரும் மெத்தடோனும் (இதுவும் ஓபியாய்டுதான்) பியூப்ரனார்ஃபினும் இந்த மரணங்களைக் கணிசமாகக் குறைக்கின்றன.