‘போன் கனெக்ட் ஆகவில்லை’ என்று சொல்வதற்கு முன்னால்

ஆண்ட்ராய்டு ஆப் எழுதுகிறவர்களிடம் நான் அதிகமாகக் கேட்ட வாக்கியம் “போன் கனெக்ட் ஆகலை” என்பதுதான். சரி, ‘ஏடிபி டிவைசஸ்’ (கணினியிலிருந்து போனோடு பேசுகிற ஏடிபி கருவியில், சேர்ந்திருக்கும் போன்களைப் பட்டியலிடும் கட்டளை) அடித்துப் பார்த்தாயா என்றால், “அடிச்சேன், வரலை” என்பார்கள். எழுந்து போய்ப் பார்த்தால் வந்திருக்கும். சீரியல் நம்பர் இருக்கும், அதற்குப் பக்கத்திலேயே ‘அன்ஆத்தரைஸ்டு’ என்று தெளிவாக எழுதியிருக்கும். போன் மேஜையில் கவிழ்ந்து கிடக்கும். எடுத்துத் திருப்பினால், யூஎஸ்பி டீபக்கிங்கை, அதாவது கேபிள் வழியாகக் கணினி போனுக்குக் கட்டளையிடுவதை, அனுமதிக்கலாமா என்று ஒரு பெட்டி பாவமாகக் காத்துக்கொண்டிருக்கும். இதற்குள் நம்ம ஆள் டிரைவரை அழித்து மறுபடி போட்டு, கணினியை இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்து, கேபிளையும் கேபிள் விற்றவரையும் திட்டி முடித்திருப்பார்.

அந்தக் கட்டளையை எல்லாரும் ‘இருக்கா, இல்லையா’ என்று கேட்கிற கட்டளையாகவே நினைக்கிறார்கள். அது நோய் என்ன என்றே சொல்லிவிடுகிறது, ஒரே சொல்லில். அந்தச் சொல்லைப் படிக்காமல் மருந்து தேடி ஓடுவதுதான் எனக்குக் கோபம்.

நாம் அடிக்கிற கட்டளை நேராகப் போனோடு பேசுவதில்லை. நம் கணினியிலேயே பின்னால் ஒரு சர்வர் ஓடுகிறது, 5037 என்ற நெட்வொர்க் போர்ட்டில் காதைத் தீட்டிக்கொண்டு. போனுக்குள் ஏடிபிடி என்று இன்னொரு நிரல் ஓடுகிறது. நாம் சர்வரிடம் கேட்கிறோம், சர்வர் தனக்குத் தெரிந்ததைச் சொல்கிறது. முதல் தடவை அடிக்கும்போது ‘டீமன் ஓடவில்லை, இப்போது தொடங்குகிறேன்’ என்கிற மாதிரி இரண்டு வரி வருமே, அதைப் பார்த்துப் பயந்து மூடியவர்களும் உண்டு. அது பிழை இல்லை, சர்வர் கண் விழிக்கிறது, அவ்வளவுதான்.

‘அன்ஆத்தரைஸ்டு’ என்றால் போன் தெரிகிறது, ஆனால் இந்தக் கணினியை அது இன்னும் நம்பவில்லை. ஆண்ட்ராய்டு 4.2.2 காலத்திலிருந்தே ஒவ்வொரு கணினிக்கும் அதை அடையாளம் காட்டுகிற ஓர் ஆர்எஸ்ஏ சாவி, அதைப் போன்காரர் ஒப்புக்கொள்ள வேண்டும். நல்ல ஏற்பாடு, நான் குறை சொல்ல மாட்டேன். ஆண்ட்ராய்டு 11-இலிருந்து 7 நாள் அந்தக் கணினியோடு சேராமல் இருந்தால் கொடுத்த அனுமதி தானாகவே போய்விடுகிறது. லீவு முடிந்து வந்த அன்று “நேத்து வரை வேலை செஞ்சுது” என்று சத்தியம் செய்கிறவர்களுக்கு இதையும் சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.

‘ஆஃப்லைன்’ என்றால் ஆள் தெரிகிறார், கூப்பிட்டால் பதில் இல்லை. பெரும்பாலும் கேபிளைப் பிடுங்கிச் செருகினாலோ சர்வரைக் கொன்று மறுபடி எழுப்பினாலோ சரியாகிவிடும். ‘நோ பெர்மிஷன்ஸ்’ லினக்ஸ்காரர்களுக்கு வருவது. அதைப் பார்த்துவிட்டுப் போனை நோண்டிப் பயனில்லை, அனுமதி மறுப்பது உங்கள் கணினிதான். எந்தச் சாதனத்தை யார் தொடலாம் என்று லினக்ஸுக்குச் சொல்கிற யூடெவ் விதியைப் போடாமல் ஒவ்வொரு முறையும் நிர்வாகி அதிகாரம் வாங்குகிற சூடோ போட்டுச் சமாளிக்கிறவர்களைப் பற்றி இங்கே பேச வேண்டாம், ரத்த அழுத்தம் ஏறும்.

பட்டியல் காலியாக இருந்தால்தான் உண்மையில் ‘வரலை’. அப்போதும் டிரைவரில் கை வைக்காதீர்கள். லினக்ஸில், யூஎஸ்பியில் செருகியிருப்பதையெல்லாம் பட்டியலிடுகிற ‘எல்எஸ்யூஎஸ்பி’ அடியுங்கள். அதிலும் போன் இல்லை என்றால் கேபிள், போர்ட், ஹப் இவற்றில் ஒன்று. சார்ஜ் மட்டும் ஏற்றுகிற கேபிளாக இருக்கவே வாய்ப்பு அதிகம், டேட்டா கம்பியே உள்ளே இருக்காது. அதில் தெரிந்து ஏடிபியில் தெரியவில்லை என்றால் யூஎஸ்பி டீபக்கிங் அணைந்திருக்கிறதா பாருங்கள். போன் பூட்லோடரில், அதாவது ஆண்ட்ராய்டு எழுவதற்கு முந்தைய நிரலில், நிற்கிறது என்றால் ஏடிபி அதைக் காட்டாது, அதற்கு ‘ஃபாஸ்ட்பூட் டிவைசஸ்’ என்று தனிக் கட்டளை.

‘டிவைஸ்’ என்று வந்துவிட்டால் எல்லாம் சுபம் என்றும் இல்லை. ஏடிபியோடு தொடர்பு கிடைத்துவிட்டது என்றுதான் அதற்கு அர்த்தம், போன் முழுதாக எழுந்துவிட்டது என்றில்லை. தானியங்கி டெஸ்ட் எழுதுகிறவர்கள் போன் சேரும்வரை காத்திருக்கிற ‘வெயிட் ஃபார் டிவைஸ்’ கட்டளை முடிந்த அடுத்த நொடியே ஆப்பை இன்ஸ்டால் செய்யப் போய் முட்டிக்கொள்வது இங்கேதான். போன் எழுந்து முடித்ததைக் குறிக்கிற ‘சிஸ் டாட் பூட் கம்ப்ளீட்டட்’ மதிப்பு 1 ஆகும்வரை பொறுக்க வேண்டும்.

இவ்வளவு வக்கணையாகப் பேசுகிற நான் பட்ட அடியையும் சொல்லிவிடுகிறேன். எழுதிக்கொண்டிருந்த ஆப்பை என் சொந்தப் போனிலும் போட்டு நிஜமாகவே பயன்படுத்திக்கொண்டிருந்தேன், பல மாதக் குறிப்புகள் அதில். கணினியில் எப்போதும் இரண்டு போன்கள் தொங்கும், டெஸ்ட் போன் ஒன்று, சார்ஜுக்காக என்னுடையது. இரண்டு இருக்கும்போது சீரியல் சொல்லாமல் கட்டளை அடித்தால் ‘ஒன்றுக்கு மேற்பட்ட டிவைஸ் இருக்கிறது’ என்று ஏடிபி மறுத்துவிடும். அந்த மறுப்பை நம்பியே அசட்டையாக இருந்தேன். அன்றைக்கு டெஸ்ட் போனின் கேபிள் கொஞ்சம் நழுவியிருக்கிறது. டேட்டாவைத் துடைக்கிற ‘பிஎம் கிளியர்’ கட்டளையை அடித்தேன், ‘சக்சஸ்’ என்று வந்தது. டெஸ்ட் போனைப் பார்த்தால் டேட்டா அப்படியே இருக்கிறது. என்னடா இது என்று இன்னொரு தடவை அடித்தேன். மறுபடி ‘சக்சஸ்’. இரண்டாவது தடவையும் அது என் போனைத்தான் துடைத்திருக்கிறது, துடைப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாதபோதும்.

ஒரே ஒரு போன் இருந்தால் கேட்காமலே அதை எடுத்துக்கொள்வது வசதி என்று சொல்வார்கள். ஒரு நாளைக்கு நூறு தடவை அடிக்கிறவனுக்கு வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் எந்தப் போன் என்பதைக் கேபிளின் இறுக்கம் முடிவு செய்வது எந்த ஊர் நியாயம்? அதற்கப்புறம் டெர்மினலைத் திறந்ததும் ‘ஆண்ட்ராய்டு சீரியல்’ என்கிற சூழல் மாறியில் டெஸ்ட் போனின் நம்பரைப் போட்டுவிடுகிறேன். அந்தப் போன் இல்லை என்றால் கட்டளை வேறு போனுக்குத் தாவாது, ‘கிடைக்கவில்லை’ என்று நின்றுவிடும்.

வேறொரு கூத்தும் உண்டு. ஒரே கணினியில் இரண்டு ஏடிபி, ஆப் எழுதுவதற்கான கருவித் தொகுப்பான எஸ்டிகேவோடு வந்தது ஒன்று, கணினி இயங்குதளத்தின் மென்பொருள் தொகுப்பிலிருந்து போட்டது ஒன்று. பதிப்பு வேறாக இருந்தால் ஒன்று கிளப்பிய சர்வரை மற்றது கொல்லும், போன் பட்டியலில் வரும், போகும். பேய் பிடித்த மாதிரி இருக்கும். ‘சர்வர் வெர்ஷன் பொருந்தவில்லை’ என்று அதுவும் எழுதித்தான் காட்டுகிறது. யார் படிக்கிறார்கள்?

நான் இப்போது வெறும் ‘டிவைசஸ்’ அடிப்பதே இல்லை, கூடவே ‘மைனஸ் எல்’. மாடல் பெயர், ஒவ்வொரு இணைப்புக்கும் ஏடிபி கொடுக்கிற எண்ணான டிரான்ஸ்போர்ட் ஐடி எல்லாம் அதே வரியில் வந்துவிடும். டெஸ்ட் போன் ஒவ்வொன்றின் முதுகிலும் சீரியலின் கடைசி நான்கு எழுத்தை எழுதி ஒட்டியிருக்கிறேன். இரண்டு மலிவு டேப்லெட்டுகளில் மட்டும் இது பலிக்கவில்லை. இரண்டுக்கும் சீரியல் 0123456789ஏபிசிடிஇஎஃப், தயாரித்தவர்கள் மாற்றவே இல்லை போல. டிரான்ஸ்போர்ட் ஐடியோ பிடுங்கிச் செருகினால் மாறிவிடுகிறது. கடைசியில் ‘மைனஸ் எல்’ காட்டுகிற யூஎஸ்பி வழியை வைத்துத்தான் பிரித்தேன். ஒன்றின் முதுகில் ‘இடது போர்ட்’, மற்றதில் ‘வலது போர்ட்’ என்று எழுதியிருக்கிறேன். யாராவது மாற்றிச் செருகாமல் இருக்க வேண்டும்.