பாதி உண்மை, பாதி ஒட்டுவேலை

சுட்டுக் கொல்லப்பட்ட அமெரிக்க அதிபர்கள் லிங்கன், கென்னடி இருவருக்குமான ஒற்றுமைகளை உங்கள் பதிவில் அடுக்கியிருக்கிறீர்கள். 1846, 1946-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குத் தேர்வானது, 1860, 1960-இல் அதிபர் தேர்தலில் வென்றது, வெள்ளிக்கிழமை மனைவி பக்கத்தில் இருக்கும்போதே தலையில் சுடப்பட்டது, அடுத்து ஒரு ஜான்சன் பதவிக்கு வந்தது எல்லாம் சரிதான். ஆனால் நான்காண்டுக்கு ஒருமுறை அதிபர் தேர்தல் நடக்கும் நாட்டில் 100 ஆண்டு இடைவெளி அமைவது அப்படியொன்றும் அதிசயமில்லையே!

கென்னடியிடம் எவெலின் லிங்கன் என்ற செயலாளர் இருந்தது நிஜம். லிங்கனிடம் கென்னடி என்றொரு செயலாளர் இருந்ததற்கு ஆதாரமே கிடையாது. அவருடைய செயலாளர்கள் ஜான் நிக்கோலே, ஜான் ஹே. லிங்கனைக் கொன்ற பூத் பிறந்தது 1838. கென்னடியைச் சுட்ட ஆஸ்வால்ட் பிறந்த 1939-உடன் பொருந்தட்டும் என்று யாரோ 1839 ஆக்கிவிட்டார்கள். நீங்கள் சொல்வதுபோல் பூத் சிக்கியதும் கிடங்கில் அல்ல. 12 நாள் கழித்து, வர்ஜீனியாவில் ஒரு பண்ணையின் புகையிலைக் கொட்டகையில்.

உண்மையான தொடர்பை விட்டுவிட்டீர்களே என்பதுதான் என் வருத்தம். அடிமைகளை லிங்கன் விடுவித்து 100 ஆண்டு ஆகியும் அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு முழு விடுதலை இல்லை என்று 1963 ஜூனில் கென்னடி தொலைக்காட்சியில் பேசினார். அவர் கேட்ட, இனப் பாகுபாட்டைத் தடுக்கும் குடிமை உரிமைகள் சட்டம் அவர் இறந்த பிறகு, 1964-இல்தான் நிறைவேறியது. அதைப் பற்றி விரிவாக எழுதுங்கள்.